மதுரை மண்டலக் கண்காணிப்புப் பிரிவில் முதுநிலை சட்ட அலுவலர்: முதல் மூன்று மாதம் எதைப் பிடிப்பது?

மாசி வீதி

வணக்கம். அரசுத் துறை ஒன்றின் மதுரை மண்டலக் கண்காணிப்புப் பிரிவில் (ஊழியர்கள்மீதான முறைகேட்டுப் புகார்களைப் பார்க்கும் பிரிவு) முதுநிலை சட்ட அலுவலராக அடுத்த மாதம் பொறுப்பேற்க வேண்டும். பிரிவுத் தலைமையும் அந்த நாற்காலியோடு சேர்ந்தே வருகிறது. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஆறு மாவட்டம். ஆட்கள் ஒரு கண்காணிப்பாளர், மூன்று உதவியாளர், ஒரு தட்டச்சர், மாற்றுப்பணியில் வந்த ஓர் உதவி செயற்பொறியாளர். அவ்வளவுதான்.

நிலுவைப் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. ஏறக்குறைய 140 கோப்பு. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு, மேல்முறையீடு) விதி 17(பி)-ன்படி, அதாவது பெருந்தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்துப் பாதியில் நிற்பவை 38. பணியிடை நீக்கத்தில் 9 பேர். உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் 22. லஞ்ச ஒழிப்புப் போலீஸ், ஊழியர்மேல் வழக்குத் தொடர இசைவாணை கேட்டு அனுப்பியவை 6. மீதியெல்லாம் மனுக்கள், அதில் பாதி மொட்டைக் கடுதாசி.

கேட்க வேண்டியவை: எதில் கை வைப்பது முதலில்? சட்டக் கருத்து எழுதுகிற நானே விசாரணையையும் நடத்தலாமா (ஆள் இல்லை என்று இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது)? ஊழல் தடுப்புச் சட்டப் பிரிவு 17ஏ சொல்லும் முன் அனுமதி எங்கள் துறை விசாரணைக்கும் வேண்டுமா? மொட்டைக் கடுதாசிகளை என்ன செய்வது? வேலை தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய விழிப்பு

அலமாரி வரிசையில் படிக்க உட்காராதீர்கள். முதல் வாரம் ஒரு கோப்பையும் முழுதாகப் படிக்கவே வேண்டாம். தேதிகளை மட்டும் உருவுங்கள். ஒரே தாளில் ஆளுக்கு ஒரு வரி: ஓய்வு பெறும் நாள், சம்பவம் நடந்த நாள், பணியிடை நீக்க நாள், கோப்பு கடைசியாக நகர்ந்த நாள். பணிப்பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை எடுங்கள்; கோப்பில் யாரோ பென்சிலில் எழுதியதை நம்ப வேண்டாம்.

ஓய்வு ஆறு மாதத்துக்குள் இருப்பவர்கள் முதல் கட்டு. காரணம் இதுதான். பணியில் இருக்கும்போது நடவடிக்கை தொடங்கவில்லை என்றால், தமிழ்நாடு ஓய்வூதிய விதி 9-ன்படி ஓய்வுக்குப் பிறகு தொடங்க அரசின் அனுமதி வேண்டும். அதோடு, சம்பவம் நடவடிக்கை தொடங்கிய நாளுக்கு நான்கு ஆண்டுக்கு முந்தையதாக இருக்கக் கூடாது. 2019-ல் நடந்த விஷயத்துக்கு 2024-ல் ஓய்வு பெற்றவர்மேல் குறிப்பாணை தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள். அது தட்டச்சருக்குப் பயிற்சி, வேறொன்றுமில்லை. ஓய்வு பெறும் நாள் சாயங்காலம் சஸ்பெண்ட் உத்தரவு கொடுக்கிற பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 2021-லேயே அரசு அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது.

இரண்டாவது கட்டு, சம்பவம் நடந்து நெடுங்காலம் ஆகியும் குறிப்பாணையே போகாதவை. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியப் பொறியாளர் ஒருவர் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் பத்து வருடத் தாமதத்தைச் சொல்லியே குறிப்பாணையை ரத்து செய்தது. தாமதத்துக்கு விளக்கம் இருந்தால் பிழைக்கும். விளக்கம் என்றால் “நிர்வாகக் காரணம்” அல்ல. எந்தத் தேதியில் யாரிடம் என்ன ஆவணம் கேட்டோம், எப்போது வந்தது என்ற கால அட்டவணை. அதை இப்போதே குறிப்புக் கோப்பில் ஒரு பக்கமாகப் போட்டு வையுங்கள். பின்னால் ஊழியர் ரிட் போட்டால் துறை தாக்கல் செய்யும் எதிர்வாதுரைக்கு அப்படியே உதவும்.

பிறகு அந்த 38-ஐயும் எடுத்து ஒன்றே ஒன்றை மட்டும் பாருங்கள்: குறிப்பாணை வரைவில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தகுதியுள்ள அதிகாரியின் ஒப்புதல் இருக்கிறதா? “நடவடிக்கை தொடங்கலாம்” என்று மேலே ஓர் இனிஷியல் இருப்பது போதாது. தொடங்க அனுமதி வேறு, குற்றச்சாட்டு வாசகத்துக்கு ஒப்புதல் வேறு என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் கோபிநாத் வழக்கில் பிரித்துச் சொன்னது. 2018-ல் தமிழ்நாட்டு ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் வழக்கிலும் அதே காரணத்துக்காகக் குறிப்பாணை விழுந்தது. இரண்டும் அகில இந்தியப் பணி விதிகள், மத்திய விதிகளின் கீழ் வந்தவைதான். ஆனாலும் நம் ஆட்களின் வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார். “ஆணையருக்காக” என்று கீழ்நிலை அதிகாரி கையெழுத்திட்ட குறிப்பாணை எத்தனை என்று எண்ணுங்கள். ஆணையர் ஒப்புதல் கோப்பில் இருந்து, உத்தரவு மட்டும் ‘காக’ என்று வெளியானால் சமாளிக்கலாம். ஒப்புதலே இல்லையென்றால் பெட்டியை மூடிவிட வேண்டியதுதான்.

17ஏ பற்றி. அந்தப் பிரிவு 2018 திருத்தத்தில் வந்தது. “எந்தப் போலீஸ் அதிகாரியும்” என்றுதான் தொடங்குகிறது. உங்கள் துறை நடத்தும் உண்மை அறியும் விசாரணைக்கோ 17(பி) விசாரணைக்கோ அது பொருந்தாது. லஞ்ச ஒழிப்புப் போலீஸ் அனுமதி கேட்டால்தான் உங்கள் மேசைக்கு வரும். அப்போதும் முதல் கேள்வி, குற்றச்சாட்டு அந்த ஊழியர் அலுவல்முறையில் செய்த பரிந்துரையோ முடிவோ சார்ந்ததா என்பது. கையும் களவுமாகப் பிடிக்கிற டிராப் வழக்குக்கு முன் அனுமதி தேவையில்லை. பிரிவே அதை விலக்குகிறது. காலம் மூன்று மாதம், காரணம் எழுதி மேலும் ஒரு மாதம். உங்கள் கருத்துரை நிரபராதியா குற்றவாளியா என்ற தீர்ப்பு மாதிரி இருக்கக் கூடாது. விசாரிக்கத் தக்க விஷயம் இருக்கிறதா, அதுமட்டும்.

அந்த ஆறு இசைவாணைகள்தான் உண்மையில் தலைவலி. பிரிவு 19-லும் மூன்று மாதம், சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் காரணம் எழுதி ஒரு மாதம் கூட. போலீஸ் தரப்பிலிருந்து வரைவு இசைவாணையும் சேர்ந்தே வரும். அதை அப்படியே லெட்டர்பேடில் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்குகிறார்கள். விளைவு? கையெழுத்திட்டவர் சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறுவார். “எந்தெந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள்? புகார்தாரர் வாக்குமூலம் தேதி என்ன? வரைவு எங்கிருந்து வந்தது?” என்று மூன்று கேள்வி. அவர் மாற்றலாகி நாலு வருடம் ஆகியிருக்கும். திருதிருவென்று விழிப்பார்.

ஆகவே இசைவாணைக் கோப்பில் இவை இருக்கட்டும்: பெறப்பட்ட ஆவணங்களின் எண்ணிட்ட பட்டியல், அதிகாரியிடம் கோப்பு சென்ற நாளும் திரும்பிய நாளும், அவர் தன் கையால் எழுதிய அரைப்பக்கக் குறிப்பு. காலையில் போய் மாலையில் திரும்பிய 400 பக்கக் கோப்பை எந்த வக்கீலும் விடமாட்டார். இசைவாணை கொடுப்பவர், ஊழியரைப் பணியிலிருந்து நீக்கத் தகுதி உள்ளவரா என்பதை விதியோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால், குற்றம் நடந்ததாகச் சொல்லும் காலத்தில் யார் நீக்கியிருக்க முடியுமோ அவர்தான் என்று 19(2) சொல்கிறது. 2018-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கும் இசைவாணை வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். யாருடைய நெருக்கடியிலும் கொடுக்கக் கூடாது. நீதிமன்றமே கொடு என்று உத்தரவிட்டதால் கொடுத்த இசைவாணை செல்லாது என்று 1997-ல் மன்சுக்லால் வழக்கில் தீர்ப்பானது. அந்த அதிகாரிக்கு மறுக்கும் சுதந்திரமும் இருந்தது என்பது கோப்பில் தெரிய வேண்டும்.

ஒத்தக்கடை

22 ரிட்டைப் பற்றி நான் சொல்கிறேன். பழைய விழிப்பு ஐயா சொன்ன அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் போடுங்கள்: இடைக்காலத் தடை இருக்கிறதா, எதிர்வாதுரை தாக்கலாகிவிட்டதா, தடையை நீக்க மனு போட்டாச்சா. பாதிக்கு மேல் “தடை உள்ளது, எதிர்வாதுரை இல்லை” என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். ஒரு வாரம் என்று கொடுத்த தடை மூன்று வருடமாக ஓடுவது எப்படி என்று கேட்காதீர்கள். துறை தரப்பில் யாரும் வந்து நிற்காததால்தான். தினமும் சாயங்காலம் மறுநாள் வழக்குப் பட்டியலை ஓர் உதவியாளர் பார்த்து எழுத வேண்டும். ஊரிலேயே கிளை இருக்கிற நமக்கு உலகனேரி போய் வர அரை மணி நேரம். 2004-க்கு முன்னால் இதற்குச் சென்னை ரயில் ஏற வேண்டும்; இப்போது சாக்கு சொல்ல முடியாது.

அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பத்தி வாரிப் பதில் மட்டும் அனுப்பினால் போதாது. பக்க எண் இட்ட ஆவணத் தொகுப்பும் போகட்டும். எதிர்வாதுரையில் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: உத்தரவில் இல்லாத காரணத்தை அபிடவிட்டில் சேர்த்து நிமிர்த்த முடியாது. 1978 மொஹிந்தர் சிங் கில் வழக்கு. “பரிசீலிக்கப்பட்டது, ஏற்கத்தக்கதாக இல்லை” என்று இரண்டே வரியில் தண்டனை கொடுத்துவிட்டு, அப்புறம் இருபது பக்கம் எதிர்வாதுரை எழுதுவது வீண் வேலை. அந்த இருபது பக்கத்தில் இரண்டு பக்கம் உத்தரவிலேயே இருந்திருந்தால் வழக்கே நின்றிருக்கும்.

துறை எங்கே தோற்கிறது என்றால், சாட்சியம் இல்லாமல் தோற்பது குறைவு. விசாரணை அறிக்கை நகலைக் கொடுக்காமல் தண்டனை கொடுத்தது (1993 கருணாகர்). விசாரணை அலுவலர் “நிரூபணமாகவில்லை” என்று எழுதியதை மேலதிகாரி ஏற்காமல், ஏன் ஏற்கவில்லை என்ற தற்காலிகக் காரணங்களை ஊழியருக்குத் தெரிவித்து விளக்கம் கேட்காமலே தண்டித்தது (1998 குஞ்ச் பிகாரி மிஸ்ரா). இந்த இரண்டாவதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கருத்து வேறுபாட்டுக் குறிப்பில் “நிரூபணமாகிறது என முடிவு செய்கிறேன்” என்று எழுதினால் அது முடிவு. “நிரூபணமானதாகக் கருதத் தோன்றுகிறது, காரணங்கள் இவை, 15 நாளில் விளக்கம் தரவும்” என்று எழுதினால் அது தற்காலிகக் கருத்து. ஒரு வினைச்சொல்லில் வழக்கு போகும்.

ஊதிய உயர்வு வெட்டும் அப்படித்தான். அதே ஒழுங்கு விதியின் 17(ஏ)-ன்படி சிறு தண்டனை என்று ஆரம்பித்துக் கடைசியில் “பின்விளைவுடன் இரண்டு ஆண்டு நிறுத்தம்” என்று போடுகிறார்கள். பின்விளைவோடு, அதாவது பிற்கால ஊதியமும் நிரந்தரமாகக் குறையும்படி நிறுத்துவது பெருந்தண்டனை. 1990-லேயே குல்வந்த் சிங் கில் வழக்கில் சொல்லியாகிவிட்டது. முழு விசாரணை இல்லாமல் அது நிற்காது.

சஸ்பென்ஷனில் இருக்கும் 9 பேர்: மூன்று மாதத்துக்குள் குறிப்பாணை கொடுக்க வேண்டும் என்ற 2015 அஜய் குமார் சவுத்ரி தீர்ப்பை எல்லோரும் நீட்டுவார்கள். மூன்று மாதம் தாண்டியதாலேயே தானாக ரத்தாகிவிடாது, வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்று நம் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல் சொல்லியிருக்கிறது. அதை வைத்துத் தூங்கிவிடவும் கூடாது. ஒவ்வொருவருக்கும் மறுஆய்வுக் குறிப்பு ஒன்று, ஏன் இன்னும் வெளியே வைக்க வேண்டும், வேறு மாவட்டத்தில் சாட்சிகளை நெருங்க முடியாத இடத்தில் பணியமர்த்தினால் என்ன என்று எழுதுங்கள். பிழைப்பூதியம் மாதாமாதம் போகிறதா என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள். அது போகாததால் விசாரணைக்கே வர முடியவில்லை என்று ஊழியர் நிரூபித்தால் மொத்தமும் போச்சு (1999 பால் அந்தோணி).

“கிரிமினல் கேஸ் முடியட்டும்” என்று எழுதி மூட்டை கட்டிய கோப்புகளும் இருக்கும். அவிழ்த்துவிடுங்கள். அதே பால் அந்தோணி தீர்ப்புத்தான்: இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். குற்றச்சாட்டு கடுமையானதாக, சட்டமும் சங்கதியும் சிக்கலானதாக, இரண்டு இடத்திலும் ஒரே சாட்சியமாக இருந்தால் மட்டும் நிறுத்தி வைப்பது நல்லது. அப்படி நிறுத்தினாலும் முடிவில்லாமல் அல்ல.

எம்-புக்

வக்கீல் அண்ணன் சொன்னது எல்லாம் கடைசிக் கட்டம். ஆவணம் கையில இல்லாம எந்தச் சட்டமும் பேச முடியாது. பொறியாளர் ஒருத்தர் இருக்கார்ல, அவரை மேசையில உட்கார வச்சு மனு படிக்க விடாதீங்க.

மொதல்ல மூல ஆவணம். ஜெராக்ஸ் வேண்டாம். முடிச்ச வேலையோட அளவை எழுதுற அளவுப் புத்தகம் (எம்-புக்), ஒப்பந்தக் கோப்பு, பில், ஸ்டாக் பதிவேடு, ஜீப்போட லாக் புத்தகம். இதை மகஜர் போட்டு, ரெண்டு பேர் கையெழுத்தோட எடுக்கணும். பக்க எண்ணிக்கை, வெத்துப் பக்கம் எது எது, அடிச்சுத் திருத்துன இடம் எது, அத்தனையும் மகஜர்ல வரணும். “எம்-புக் ஒன்று” என்று ஒரே வரியில எழுதுனீங்கன்னா, நடுவுல ஒரு தாள் புதுசா முளைச்சாலும் கேக்க வழியில்ல.

எம்-புக்கில என்ன பாக்கிறது? கிட்டத்துல வச்சுப் பாருங்க. வேலை உத்தரவுத் தேதி, அளவு பதிஞ்ச தேதி, மேலதிகாரி சரிபார்த்த தேதி, பில் தேதி, பணம் போன தேதி. அஞ்சையும் ஒரு கோட்டுல எழுதுனா போதும், பாதிக் கதை தானா வெளிய வரும். வேலை உத்தரவுக்கு முந்துன தேதியில அளவு இருக்கும். இல்லைன்னா ஒரே நாள்ல உசிலம்பட்டிப் பக்கம் நாலு வேலை, மேலூர்ப் பக்கம் மூணு வேலை அளந்ததா இருக்கும். அந்த நாளுக்கு லாக் புத்தகத்தைப் பிரிச்சா ஜீப் பணிமனையில நின்னிருக்கும். இந்த ரெண்டு பக்கமும் பக்கத்துல பக்கத்துல வச்சா வேற சாட்சி பாதிதான் தேவை. ஏழு வேலைக்கும் அளவுகள் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லைன்னா அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம். வெயில்ல நின்னு எழுதுன எம்-புக் அம்புட்டு அழகா இருக்காது.

கண்மாய் தூர்வாருன வேலைன்னா நாள் ரொம்ப முக்கியம். ஐப்பசி மழைக்கு முன்னால லெவல் (தரைமட்ட அளவு) எடுத்துறணும். ஒருபோகப் பாசனத்துக்குத் தண்ணி திறந்துட்டாலும் கதை முடிஞ்சது, கண்மாய் நிறைஞ்சா எத்தனை கன மீட்டர் மண்ணு எடுத்தாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒப்பந்தக்காரர் தரப்பு வேணும்னே ஆய்வைத் தள்ளிப் போடக் கேக்கும், எதுக்குன்னு இப்பப் புரியும். வேலைக்கு முந்துன லெவல் புத்தகத்தைக் கேளுங்க. அது இல்லைன்னா இப்ப எடுக்கிற லெவலுக்கு மதிப்புக் குறைவு. கரையில கொட்டுன மண்ணு அளவு, லாரி நடைச் சீட்டுன்னு சுத்திப் போகணும். ரோடுன்னா கோர் (ரோட்டைத் துளைச்சு எடுக்கிற உருளைத் துண்டு) வெட்டிப் பாருங்க. ஒரே இடத்துல மூணு வெட்டுறது பிரயோஜனமில்ல. செயினேஜ் (ரோடு தொடங்குற இடத்துலருந்து தூரம்) எழுதி, நடு, ஓரம், வளைவுன்னு பிரிச்சு எடுக்கணும். ஒப்பந்தக்காரருக்கும் அன்னைக்கு வேலை பாத்த பொறியாளருக்கும் முன்கூட்டி நோட்டீஸ். வரலைன்னா வரலைன்னு எழுதுங்க. கையெழுத்துப் போட மறுத்தா மறுத்தார்னு எழுதுங்க. வெட்டி எடுத்த மாதிரித் துண்டுல சீட்டு ஒட்டி, அரக்கு வச்சு, எந்தப் பெட்டியில யார் பொறுப்புல இருக்குன்னு ஒரு பதிவேடு.

இதுல நம்ம மாவட்டத்துலயே எல்லாரும் பாத்த உதாரணம் உண்டு. கிரானைட் முறைகேட்டை விசாரிக்க உயர் நீதிமன்றம் 2014-ல சட்ட ஆணையரா நியமிச்ச ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம், 2015 செப்டம்பர்ல நரபலிப் புகாருக்காகச் சின்னமலம்பட்டிச் சுடுகாட்டுல தோண்டுறது நின்னுபோன ராத்திரி, அந்த இடத்தை விட்டு நகராம அங்கேயே படுத்தார். பேப்பர்ல அதை வீரமா எழுதுனாங்க. வேலை தெரிஞ்சவன் கண்ணுக்கு அது இடத்தைக் காவல் காக்கிற நடைமுறை. ராத்திரி அங்க ஆள் இல்லைன்னா, காலைல தோண்டி எடுக்கிறதுக்குக் கோர்ட்டுல மதிப்பு இல்ல.

சிசிடிவி, வாட்ஸ்அப் இது ரெண்டும் இப்ப நிறைய வருது. டிவிஆர் பதிவு சில வாரத்துல தன்னால அழிஞ்சு மேல பதிஞ்சுரும், அதனால மனு வந்த அன்னைக்கே கடிதம் போகணும். 2024 ஜூலைலருந்து புது சாட்சியச் சட்டம், பழைய 65பி-க்குப் பதிலா பிரிவு 63. சான்றிதழ் ரெண்டு பகுதி: கருவி யார் பொறுப்புல இருக்கோ அவர் ஒண்ணு, நிபுணர் ஒண்ணு. ஹாஷ் மதிப்பு (பதிவு மாறலைன்னு காட்டுற குறியீடு) எழுதணும். துறை விசாரணைக்கு இவ்வளவு கறார் கிடையாதுதான். ஆனா அதே கோப்பு நாளைக்குச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனா, அன்னைக்கு எடுக்காத ஹாஷை இன்னைக்கு எடுக்க முடியாது.

இன்னொண்ணு, ஆவணத்தை விசாரணையில வெறுமனே “குறியீடு செய்யப்பட்டது”ன்னு விட்டுறாதீங்க. அதைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் வந்து இது இன்ன ஆவணம், இன்னார் எழுத்துன்னு சொல்லணும். 2009 ரூப் சிங் நேகி வழக்கு அதைத்தான் சொல்லுது. எஃப்ஐஆர் மட்டும் சாட்சியமாகாதுன்னும் அதுலதான் இருக்கு.

தெப்பக்குளம்

மாசி வீதி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. கூடாது. குறிப்பாணை வரைவை எழுதியவர், முதற்கட்ட விசாரணை செய்தவர், சாட்சியாக வரக்கூடியவர், இந்த மூவரில் யாரும் விசாரணை அலுவலராக இருக்கக் கூடாது. விசாரணை அலுவலர் துறையின் ஆள் அல்ல, நடுவர். 2010-ல் சரோஜ் குமார் சின்ஹா வழக்கில் இது தெளிவாகவே இருக்கிறது. ஆள் இல்லை என்றால் மண்டலத்துக்கு வெளியிலிருந்து கேளுங்கள். ஊழல், கையாடல் மாதிரி பெரிய விஷயங்களை மதுரையிலேயே இருக்கும் ஒழுங்கு நடவடிக்கை ஆணையருக்கு அனுப்ப அரசை அணுகும் வழியும் இருக்கிறது. அங்கே விசாரணை செய்வதையே முழுநேர வேலையாகப் பார்ப்பவர் இருப்பார்.

சட்ட அலுவலர் செய்ய வேண்டியது குறிப்பாணை போகும் முன்னாலும் அறிக்கை வந்த பின்னாலும். நடுவில் கை வைக்காதீர்கள். விசாரணை அலுவலர் போனில் “இந்தச் சாட்சியை விட்டுடலாமா மேடம்?” என்று கேட்டால்கூடப் பதில் சொல்லாதீர்கள், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். துறைத் தரப்பை எடுத்துவைக்க ஓர் அலுவலரை உத்தரவு போட்டு நியமியுங்கள். அவர் இல்லாத இடத்தில் விசாரணை அலுவலரே சாட்சியிடம் முதல் விசாரணையும் செய்து, ஊழியரைக் குறுக்கு விசாரணையும் செய்கிறார். 2018-ல் ராம் லக்கன் சர்மா வழக்கில் இப்படி நடத்தியதுதான் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

மனுக்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மனு வந்ததும் “தக்க நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது” என்று முத்திரை குத்தி, யார்மேல் புகாரோ அவருக்கே அறிக்கை கேட்டு அனுப்புவது. இதைத்தான் முதல் நாளே நிறுத்த வேண்டும். மனுதாரர் பெயர், கைபேசி எண், கையெழுத்து எல்லாம் அவர் மேசைக்கே போய்ச் சேர்கிறது. மனுவில் உள்ள குற்றச்சாட்டை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்து, பெயர் இல்லாமல் கேளுங்கள். கையெழுத்து மனுவின் நகலை அனுப்பவே வேண்டாம். சின்ன ஊரில் எழுத்தே ஆளைக் காட்டிவிடும். மூல மனு உறையில், உறை கண்காணிப்பாளர் பூட்டில்.

மொட்டைக் கடுதாசியை ஒரே அளவுகோலால் பாருங்கள்: வெளியே யாரையும் கேட்காமல், நம் கையில் உள்ள பதிவேட்டை வைத்தே சரிபார்க்கிற விவரம் அதில் இருக்கிறதா? “அந்த அதிகாரி கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டார்” என்றால் கோப்பில் போடுங்கள். “இன்ன வேலை, இன்ன பில் எண், இன்ன தேதி” என்றால் அந்தப் பில்லை எடுத்துப் பாருங்கள். பில் பேசினால், இனி நடவடிக்கை பில்லின்மேல்தான், கடுதாசியின்மேல் அல்ல. பெயர் போட்டும் சந்தேகமாக இருந்தால் அந்த விலாசத்துக்கே எழுதி, இது நீங்கள் அனுப்பியதுதானா என்று கேளுங்கள். மத்திய விழிப்பு ஆணையம் இதற்கு 15 நாளும், நினைவூட்டுக்குப் பின் இன்னொரு 15 நாளும் வைத்திருக்கிறது. அதே அளவு நமக்கும் போதும்.

ஆட்களைப் பற்றி: மூன்று உதவியாளருக்கும் மாவட்ட வாரியாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். ஒருவர் ஒரு மாவட்டத்தையே வருடக்கணக்கில் பார்த்தால் அங்கிருந்து போன் வர ஆரம்பிக்கும். கட்டம் வாரியாகப் பிரியுங்கள்: மனு ஒருவர், குறிப்பாணையும் விசாரணையும் ஒருவர், வழக்கு ஒருவர். வருடம் ஒருமுறை மாற்றுங்கள். திங்கள்கிழமை காலை அரை மணி நேரம் தன்பதிவேட்டை (ஒவ்வொருவர் கையில் உள்ள கோப்புகளின் பதிவேடு) திறந்து, நகராத கோப்பு பத்தை மட்டும் கேளுங்கள். எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் நகராது. நல்ல உதவியாளர் எழுதிய குறிப்பில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால், அவர் குறிப்பைக் கிழித்துப் புதிதாக எழுதச் சொல்லாதீர்கள். அவருக்குக் கீழே உங்கள் கருத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். கிழித்த தாள் பற்றிய பேச்சு எப்படியும் வெளியே போகும்.

மாசி வீதி

எல்லோருக்கும் நன்றி. பட்டியலை நேற்று இரவே தேதி வாரியாகப் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதத்துக்குள் ஓய்வு 4 பேர். 38-ல் 11 குறிப்பாணைக்கு வரைவு ஒப்புதல் கோப்பில் காணவில்லை. இந்த 11-ஐ ரத்து செய்துவிட்டுப் புதிதாகக் கொடுக்கலாமா, இல்லை இருப்பதை வைத்தே ஓட்டலாமா?

ஒத்தக்கடை

சாட்சி விசாரணை தொடங்காதவற்றை இப்போதே திரும்பப் பெற்றுப் புதிதாகக் கொடுங்கள். அவர்கள் ரிட் போட்டு ரத்து வாங்கும்வரை காத்திருந்தால் இன்னும் இரண்டு வருடத் தாமதம் உங்கள் கணக்கில் ஏறும்.

பழைய விழிப்பு

ஒத்தக்கடை தம்பி சொல்வது சரி. ஆனால் அதற்கு முன் ஒன்று: அந்த 11-க்கும் ஒப்புதல் உண்மையிலேயே இல்லையா, வேறு கோப்பில் கிடக்கிறதா என்று தலைமை அலுவலகத் தபால் பதிவேட்டிலும் இ-ஆபீஸிலும் தேடுங்கள். மூன்று நாலு கிடைக்கும். கிடைத்தால் அந்தத் தாளின் சான்றிட்ட நகலைக் கோப்பில் சேருங்கள்; பழைய தேதி போட்டுப் புது ஒப்புதல் வாங்கும் வேலை மட்டும் வேண்டாம், அப்புறம் விசாரணை உங்கள்மேல் வரும்.

திரும்பப் பெறும் உத்தரவின் வாசகத்தில் கவனம். “குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன” என்று எழுதினால், ஒரு முறை கைவிட்டதை மறுபடி எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்பார்கள். “தகுதியுள்ள அதிகாரியின் ஒப்புதல் பெறப்படாத நடைமுறைக் குறைபாட்டின் காரணமாக மட்டும் இக்குறிப்பாணை திரும்பப் பெறப்படுகிறது, அதே குற்றச்சாட்டுகள் குறித்து விதிப்படி புதிய குறிப்பாணை வழங்கும் உரிமைக்கு இது தடையாகாது” என்று எழுதுங்கள். அந்த 11-ல் அந்த 4 பேரில் யாராவது இருக்கிறாரா பாருங்கள். இருந்தால் புதுக் குறிப்பாணைக்கு ஒப்புதல் வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பழையதைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டும் ஒரே நாள், ஒரே தூதரிடம், தனித்தனி ஒப்புகைச் சீட்டோடு.